டயர் பிடித்தால் ஆக்சில் முறியும்

1969ஆம் வருடத்து செவ்ரொலே கமாரோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாதாரண வி-8 இன்ஜினோடு விற்கப்பட்ட வண்டி. பின்னாளில் யாரோ அதில் நன்றாகத் தேற்றிய 350 கன அங்குல இன்ஜினை இறக்கியிருக்கிறார்கள். பல வருடம் ஊருக்குள் ஓடியது, டயர் புகையச் சீறிக் கிளம்பியது, பின் ஆக்சிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு சொந்தக்காரர் டிராக் பந்தயத்துக்கென்று வழுவழுப்பான ‘ஸ்லிக்’ டயர் இரண்டை வாங்கி மாட்டுகிறார். பந்தயப் பாதையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை முறுக்கி, கிளட்சை விடுகிறார். பின்னால் ‘டங்’ என்று ஒரே சத்தம். இன்ஜின் கத்துகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அமெரிக்க டிராக் பந்தய உலகில் இது சர்வசாதாரணமாக நடப்பது. இன்ஜினில் ஒரு குதிரைசக்திகூட ஏறவில்லை, மாறியது டயர் மட்டும்தான். பின் ஆக்சிலைப் பலப்படுத்துவது என்ற வேலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஆக்சில் எவ்வளவு சுமையைச் சந்திக்கப்போகிறது என்பதை முடிவு செய்வது இன்ஜினைவிட டயரின் பிடிமானம். இன்ஜினுக்குச் செலவழிப்பவர்கள் பலருக்கு இது உறைப்பதே இல்லை.

டிராக் பந்தயம் என்பது நின்ற நிலையிலிருந்து நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடுவது. வாலி பார்க்ஸ் 1951இல் கலிபோர்னியாவில் தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கம்தான் (என்.எச்.ஆர்.ஏ.) இந்தத் தெருப் பந்தயத்தை விதிமுறையுள்ள விளையாட்டாக்கியது. 1955இல் கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில் அதன் முதல் தேசியப் போட்டி நடந்தது. பந்தயக்காரர்கள் உயிரைக் கொடுத்துப் பார்ப்பது முதல் 60 அடியை, அதாவது சுமார் 18 மீட்டரை. அங்கே மிச்சம் பிடிக்கும் நேரம் கடைசிக் கோட்டுக்குப் போவதற்குள் இன்னும் பெருகிவிடும் என்பது அவர்கள் அனுபவக் கணக்கு. அந்த 18 மீட்டரில்தான் ஆக்சிலின் தலையெழுத்தும் நிர்ணயமாகிறது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஆளோடு சேர்த்து வண்டியின் எடை ஏறத்தாழ 1,500 கிலோ. நிற்கும்போது அதில் 45 சதவீதம், 675 கிலோ, பின் சக்கரங்களின் மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி பாய்ந்து கிளம்பும்போது எடையில் ஒரு பங்கு முன்னாலிருந்து பின்னுக்கு வரும். எவ்வளவு வரும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் (சுமார் அரை மீட்டர்) இரு ஆக்சில்களுக்கு இடையிலான தூரத்தையும் (கமாரோவில் 2.74 மீட்டர்) பொறுத்தது. அந்தக் காலத்துத் தெரு டயரின் உராய்வுக் கெழு 0.8 என்று கொண்டால், பின் சக்கரங்கள் தரையை உந்தக்கூடிய விசை 6,200 நியூட்டனுக்குப் பக்கத்தில் வரும். 28 அங்குல விட்டமுள்ள டயருக்கு அது ஆக்சிலில் 2,200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. அதற்கு மேல் இன்ஜின் எவ்வளவு கொடுத்தாலும் டயர் வழுக்கிச் சுழலும், அவ்வளவுதான்.

ஸ்லிக் டயரின் ரப்பர் மிருதுவானது, அதில் வெட்டுக் கோடுகள் கிடையாது. காற்றைக் குறைத்து வைப்பதால் பக்கச்சுவர் சுருங்கி மடிந்து தரையோடு அப்பிக்கொள்ளும். கிளம்புவதற்கு முன் டயரைத் தேய்த்துச் சூடாக்குவார்கள். பாதையிலும் பிசின் தெளித்திருப்பார்கள். இப்படியெல்லாம் செய்து வண்டி 1 ஜி முடுக்கத்தோடு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகக் கிளம்பினால், ஆக்சிலில் வரும் முறுக்கு 5,200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். முன்பு இருந்ததைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல். இன்ஜின் 540 நியூட்டன் மீட்டர் தருகிறது, கியர்பாக்ஸின் முதல் கியர் அதை 2.52ஆல் பெருக்குகிறது, பின் ஆக்சில் மறுபடி 4.10ஆல் பெருக்குகிறது என்றால் 5,600 வரும். தர வேண்டியது அத்தனையும் இன்ஜினிடம் முன்பே இருந்தது. தெரு டயர் வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ப்யூஸ் கம்பி போல, சுமை மிஞ்சும்போதெல்லாம் தான் வழுக்கி மற்றதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஸ்லிக்கை மாட்டியதும் அந்த இடத்தில் தடித்த கம்பியைப் போட்டாயிற்று. இனி வரிசையில் எது இளைத்ததோ அது போகும்.

இந்தக் கணக்கு நிதானமாக வரும் சுமைக்கு மட்டும். கிளட்சை ஒரேயடியாக விடும்போது, 6,000 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீலில் சேர்ந்திருந்த ஆற்றல் கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கி, முறுக்கு ஒரு கணம் இன்னும் உச்சிக்குப் போகும். ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய் அந்த அடியை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஒரே பலமுள்ள இரண்டு வண்டிகளில் கையால் கியர் மாற்றும் வண்டி பின் ஆக்சிலை அதிகம் உடைக்கிறது.

நம் கமாரோவின் அடியில் என்ன இருக்கிறது? சாதாரண வி-8 வாங்கியவர்களுக்கு செவ்ரொலே கொடுத்தது ‘பத்து போல்ட்’ ஆக்சில். பின் மூடியில் பத்து போல்ட் இருப்பதால் அந்தப் பெயர். உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் 8.2 அங்குலம். எஸ்.எஸ். வகை வாங்கியவர்களுக்குப் பன்னிரண்டு போல்ட், 8.875 அங்குலக் கிரவுன். பத்து போல்ட் ஆக்சிலில் வீலைச் சுழற்றும் ஷாஃப்டின் உள்முனையில் 28 பல்வரிகள், அங்கே தடிமன் சுமார் 30.5 மில்லிமீட்டர். பந்தயத்துக்கு விற்கும் ஷாஃப்டில் 35 பல்வரிகள், 38.1 மில்லிமீட்டர். வித்தியாசம் வெறும் 7.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஆனால் உருண்டைத் தண்டை முறுக்கும்போது அதில் எழும் தகைவு விட்டத்தின் மும்மடிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். 38.1ஐ 30.5ஆல் வகுத்து வருவதை மும்மடியாக்கினால் 1.95. விட்டம் கால்வாசி கூடியதற்கே பலம் ஏறத்தாழ இரட்டிப்பு.

இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரிந்தால் ஒரு ஷாஃப்டுக்கு 2,600 நியூட்டன் மீட்டர் வரும். மெல்லிய ஷாஃப்டில் அது எழுப்பும் தகைவு 470 மெகாபாஸ்கலுக்குப் பக்கம்; தடித்ததில் 240. பல்வரிகளின் அடிப்பள்ளத்தில் இரும்பு இன்னும் குறைவு என்பதால் அங்கே உண்மையில் இதைவிட அதிகம். இந்த எண்களைவிட என்னை அசத்துவது முறுக்கக் கோணம். முக்கால் மீட்டர் நீளமுள்ள அந்த மெல்லிய ஷாஃப்டின் ஒரு முனை நிற்க மறுமுனை 16 டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். பந்தயத்தில் அடிபட்ட ஷாஃப்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், நேராக இருக்க வேண்டிய பல்வரிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து திருகியிருப்பது கண்ணுக்கே தெரியும். இரும்பு தன் மீள்எல்லையைத் தாண்டி, திரும்பி வராமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஷாஃப்டை மறுபடி மாட்டுபவர் அடுத்த முறிவுக்குத் தேதி குறிக்கிறார்.

எந்த இரும்பு என்பதும் முக்கியம். தொழிற்சாலை ஷாஃப்ட் நடுத்தரக் கரிமம் உள்ள எஃகு. மேல்தோல் மட்டும் மின்தூண்டலால் சூடாக்கிக் கடினப்படுத்தியிருப்பார்கள். முறுக்குச் சுமை மேற்பரப்பில்தான் அதிகம், நடுவில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆகவே அது விவேகமான சிக்கனம். பந்தயத்துக்கு 4340 என்ற நிக்கல்-குரோமியம்-மாலிப்டினம் கலந்த எஃகை உள்ளும் புறமும் பதப்படுத்திப் பயன்படுத்துகிறார்கள்.

கிரவுன், பினியன் கதை இதைவிடச் சுவையானது. நம் அம்பாசடரிலும் லாரியிலும் இருப்பதுபோல இங்கேயும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் சின்னப் பினியன், அது பெரிய கிரவுனைச் சுழற்றுகிறது. பழைய வண்டிகளில் பினியன் கிரவுனின் நடுமட்டத்திலேயே இருந்தது. 1926இல் பாக்கார்டு நிறுவனம் அதைக் கீழே இறக்கிய ‘ஹைபாய்ட்’ அமைப்பைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்ததால் வண்டியின் தரையும் தாழ்ந்தது. கூடவே ஒரு நல்லது நடந்தது: பினியனைக் கீழிறக்கினால் அதே கியர் விகிதத்துக்குப் பினியனைப் பெரிதாகச் செய்யலாம், ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் கடித்திருக்கும்.

ஃபோர்டு 1957இல் அறிமுகப்படுத்தி 1986 வரை வண்டிகளில் போட்டுவந்த ‘ஒன்பது அங்குல’ ஆக்சில் இந்த யோசனையை வெகுதூரம் கொண்டுபோனது. அதன் பினியன் நடுமட்டத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்கும் மேல் கீழே இருக்கிறது. பன்னிரண்டு போல்ட் செவ்ரொலேயில் இது ஒன்றரை அங்குலம். அதைவிடப் பெரிய விஷயம் பினியனுக்குக் கொடுத்த மூன்றாவது பேரிங். பல்சக்கரங்கள் சுமையோடு கடிக்கும்போது ஒன்றையொன்று தள்ளி விலக்கப் பார்க்கும். 5,200 நியூட்டன் மீட்டர் முறுக்கில் 8.2 அங்குலக் கிரவுனின் விளிம்பில் விழும் விசை ஐந்து டன் எடைக்குச் சமம். பெரும்பாலான ஆக்சில்களில் பினியனை ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு பேரிங்குகள் பிடித்திருக்கும்; பல் இருக்கும் தலைப்பக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். சுமை வந்தால் தலை விலகும். விலகினால் பற்கள் முழு முகத்தோடு கடிக்காமல் ஓரத்தில் கடிக்கும், ஓரம் உடையும். ஃபோர்டு அந்தத் தலையின் மறுபக்கத்திலும் ஒரு சின்ன பேரிங் வைத்துப் பிடித்துவிட்டது.

செவ்ரொலே பித்தர்கள்கூடத் தங்கள் கமாரோவுக்கு அடியில் ஃபோர்டு ஆக்சிலை மாட்டிக்கொள்வது இதனால்தான். இன்னொரு காரணம் வேலை சுலபம். கிரவுன், பினியன், டிஃப்ரன்ஷியல் மூன்றும் அடங்கிய உருண்டை முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி எடுத்து மேஜையில் வைத்து வேலை பார்க்கலாம். வேறு கியர் விகிதம் வேண்டுமென்றால் தயாராக வைத்திருக்கும் இன்னொரு உருண்டையை மாட்டலாம். பழைய இரும்புக் கடைகளில் தேடியவர்கள் அந்த உருண்டையின் முகப்பில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து பெரிதாக வார்த்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிராஃபைட் செதில்களாக இல்லாமல் உருண்டைகளாக உறைந்த, எளிதில் வெடிக்காத வார்ப்பிரும்புக்கு அது அடையாளம்.

இதற்கு விலை உண்டு. பினியன் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்குப் பற்கள் உருளாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. வழுக்கல் என்றால் சூடு, சூடு என்றால் இன்ஜின் தந்த சக்தியில் ஒரு பங்கு எண்ணெயைக் காய்ச்சப் போகிறது. சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும் என்பதால் கந்தகமும் பாஸ்பரசும் சேர்த்த கியர் ஆயில் ஊற்றியாக வேண்டும். அவை சூட்டில் இரும்போடு வினைபுரிந்து பல்லின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படியும். ஹெமி இன்ஜினோடு நாலு கியர் வைத்த கிரைஸ்லர் வண்டிகளில் 1966 முதல் போட்ட டானா 60 ஆக்சில் வேறு வழியில் போனது. பினியனை அவ்வளவு இறக்காமல் கிரவுனையே 9.75 அங்குலமாக்கி, 35 பல்வரி ஷாஃப்டும் கொடுத்தார்கள். வலிமையில் குறை சொல்ல முடியாது, ஆனால் கனம் அதிகம். தெருவிலும் ஓட வேண்டிய 1,500 கிலோ வண்டிக்கு நான் ஃபோர்டைத்தான் சொல்வேன்.

கியர் எஃகிலும் ஒரு தேர்வு இருக்கிறது. தெரு கியரில் மேல்தோல் மிகக் கடினம். லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் தேயாது, ஆனால் ஓங்கி ஒரு அடி விழுந்தால் பல் தெறிக்கும். 9310 எஃகில் செய்த பந்தயக் கியர் அடியை வாங்கும், தேய்மானத்தைத் தாங்காது. ‘புரோ’ என்று எழுதியிருக்கிறதே என்று அதை வாங்கி அன்றாடம் ஓட்டும் வண்டியில் போட்டால் காசுக்குக் கேடு.

விகிதத்துக்கு வருவோம். தொழிற்சாலையிலிருந்து 3.08 விகிதத்தோடு வந்த வண்டி என்றால் கிரவுனில் 40 பல், பினியனில் 13. பந்தயத்துக்கு 4.10 போடுவார்கள், செவ்ரொலேயில் 41க்கு 10. வண்டி கடைசிக் கோட்டை மணிக்கு 177 கிலோமீட்டரில் (110 மைல்) கடக்கிறது என்றால் 28 அங்குல டயர் நிமிடத்துக்கு 1,320 சுற்று சுற்றும். 4.10இல் இன்ஜின் 5,400 சுற்றில் இருக்கும், 3.08இல் 4,070. அந்த இன்ஜின் தன் முழுச் சக்தியைத் தருவது 5,200 வாக்கில் என்றால், கோட்டை அதற்குச் சற்று மேலே தாண்டும்படி விகிதத்தைத் தேர்வது சரி. இன்னும் ஏற்றி 5, 6 என்று போகப் போகப் பினியன் சிறுத்துப் பலவீனமாகும். அதிக எண் என்றால் அதிக வேகம் என்று நினைத்து அள்ளிப் போடுவது வீண்.

எல்லாப் படங்களிலும் பாருங்கள், பழைய கார் சீறிக் கிளம்பும்போது முன் இடது சக்கரம்தான் முதலில் எழும்பும். கறுப்புத் தடம் போடுவது பெரும்பாலும் பின் வலது டயர். ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் முறுக்குதான் காரணம். வண்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் அது இடஞ்சுழியாக ஆக்சிலைத் திருப்பப் பார்க்கிறது: இடது டயரை அழுத்தி வலது டயரைத் தூக்குகிறது. நம் கணக்கில் அது ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 85 கிலோ வரை. வண்டியின் உடல் எதிர்ப்பக்கம் சாய்ந்து, பின் ஸ்பிரிங் வழியாக அதில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிடும். சாதாரண டிஃப்ரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். ஆகவே வலது டயர் வழுக்கிய கணமே இடது டயரும் அந்த அளவோடு நின்றுவிடும். இதைத் தீர்க்க செவ்ரொலே ‘பாசிட்ராக்‌ஷன்’ என்று உள்ளே கிளட்ச் தகடுகள் வைத்துத் தந்தது. பந்தயக்காரர்கள் ஒருபடி மேலே போய் டிஃப்ரன்ஷியலையே எடுத்துவிட்டு ‘ஸ்பூல்’ என்ற ஒற்றைக் கட்டியை வைப்பார்கள். இரு சக்கரமும் ஒன்றாகவே சுழலும். இதில் கவனிக்காமல் விடுவது ஒன்று: ஸ்பூல் சமமாக்குவது வேகத்தை, முறுக்கை அல்ல. எந்த டயர் அதிகம் பிடிக்கிறதோ அந்த ஷாஃப்ட் பாதிக்கு மேல் சுமக்கும். நான் முன்னே சரிபாதி என்று பிரித்துப் போட்ட தகைவுக் கணக்கு ஸ்பூலோடு நிற்காது. ஸ்பூல் போடுபவர் தடித்த ஷாஃப்டும் சேர்த்துப் போட்டாக வேண்டும்.

பத்து போல்ட், பன்னிரண்டு போல்ட் இரண்டிலும் என்னைக் கவலைப்படுத்துவது முறிவைவிட முறிந்தபின் நடப்பது. இவற்றில் ஷாஃப்டை வண்டிக்குள் பிடித்து வைத்திருப்பது உள்முனையில் செருகிய ‘சி’ எழுத்து வடிவக் கொக்கி ஒன்று. உள்ளங்கையில் மடக்கிக்கொள்ளலாம், அவ்வளவு சின்னது. ஷாஃப்ட் அந்தக் கொக்கிக்கு வெளியே எங்கே முறிந்தாலும், முறிந்த துண்டோடும் பிரேக் டிரம்மோடும் சக்கரமே கழன்று வெளியே போய்விடும். ஃபோர்டு ஒன்பது அங்குலத்தில் ஷாஃப்டின் வெளிமுனையில் பேரிங்கை இறுக்கி, தகடு வைத்து ஆக்சில் ஹவுசிங்கோடு போல்ட் போட்டிருப்பதால், உள்ளே முறிந்தாலும் சக்கரம் இடத்தில் இருக்கும். கால் மைலை 10.99 விநாடியிலோ அதற்குள்ளோ ஓடும் வண்டிக்கும், ஸ்பூல் போல டிஃப்ரன்ஷியலைப் பூட்டிய வண்டிக்கும் வெளியிலிருந்து ஷாஃப்டைப் பிடிக்கும் அமைப்பும் பந்தய ஷாஃப்டும் கட்டாயம் என்று என்.எச்.ஆர்.ஏ. விதித்திருக்கிறது. அந்த வேகத்துக்குப் போகாதவர்களும் இதைச் செய்துவிடுவது நல்லது.

ஆக்சிலை மட்டும் பலமாக்கி ஸ்பிரிங்கைக் கவனிக்காமல் விட்டால் பாதி வேலைதான். சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் அதே 5,200 நியூட்டன் மீட்டர் ஆக்சில் ஹவுசிங்கைப் பின்னோக்கித் திருப்பி, பினியன் மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். கமாரோவில் அதைத் தாங்குவது லீஃப் ஸ்பிரிங் மட்டும். அது ‘எஸ்’ எழுத்தாக வளைந்து, தாங்க முடியாமல் டயர் வழுக்கியதும் விடுபட்டு நிமிர்ந்து, டயர் மறுபடி பிடித்ததும் வளைந்து, விநாடிக்குப் பல தடவை ஆக்சிலைக் குதிக்க வைக்கும். ஒவ்வொரு குதிப்பும் கிரவுனுக்கு ஒரு சம்மட்டி அடி. ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கோடு வந்த 1967 கமாரோ இதற்குப் பேர்போனது. 1968இல் செவ்ரொலே ஒரு பக்கத்து ஷாக் அப்சார்பரை ஆக்சிலுக்கு முன்னும் மறுபக்கத்ததைப் பின்னும் வைத்துச் சமாளித்தது. பந்தயக்காரர்கள் ஸ்பிரிங்கின் முன்பாதி வளையாதபடி டிராக்‌ஷன் பார் என்ற கம்பியைப் போடுவார்கள்.

எவ்வளவு விலையுயர்ந்த சாமான் வாங்கினாலும் கடைசியில் பொருத்துகிறவர் கையில்தான் இருக்கிறது. கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையிலான ‘ப்ளே’ 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கிரவுனின் சில பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, கையால் எதிர்ப்பு கொடுத்துக்கொண்டே சுற்றுவார்கள். பினியன் பல் பட்ட இடத்தில் பசை விலகி ஒரு தடம் தெரியும். தடம் பல்லின் நுனிக்குப் போயிருந்தால் பினியன் விலகி நிற்கிறது, அடிக்குப் போயிருந்தால் அதிகம் நெருங்கிவிட்டது. பினியனுக்குப் பின்னால் இருக்கும் ‘ஷிம்’ என்ற மெல்லிய தகட்டை மாற்றி மறுபடி தடவி மறுபடி சுற்ற வேண்டும். தடம் பல்லின் உயரத்துக்கு நடுவில் வந்து உட்காரும்வரை இது தொடரும். பொறுமையில்லாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. முடிந்ததும் நல்ல எண்ணெய் ஊற்றி, மெதுவாகச் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி ஓட்டி ஆறவிட்டுப் பற்களைப் பழக்க வேண்டும்.

ஆக்சில் உறுதியானபின் இளைத்த கண்ணி முன்னால் நகரும். அடுத்து நிற்பது ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் சிலுவை ஜாயிண்ட். அதையும் 1350 அளவுக்கு மாற்றிவிடுவது வழக்கம். முன் ஜாயிண்ட் ஓட்டத்தில் விட்டுப்போனால் ஷாஃப்டின் முனை தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும். அதனால்தான் அந்த ஜாயிண்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் ஷாஃப்டைச் சுற்றித் தடித்த இரும்பு வளையம் ஒன்றை வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்தச் சொல்கிறார்கள். ஆக்சில் மாற்றப் பணம் ஒதுக்கும்போதே அந்த வளையத்துக்கும் சேர்த்து ஒதுக்கிவிட வேண்டும்.